தூண்டிலும் ஒரு தொழிற்கருவிதான்

வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பப் படிவத்தில் வழக்கமாக நான்கைந்து பொருட்கள்தான் இருக்கும். தையல் இயந்திரம், ஆடு, கோழி, சிறுகடைக்கு முதல், வீட்டுத்தோட்டத்துக்கு விதை. போரால் பாதிக்கப்பட்ட பெண்களோடு வேலை செய்யும் எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். ஊவா மாகாணத் தோட்டங்களில் நான் களப்பணி செய்த வருடங்களில், லயத்து அறையின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் தையல் இயந்திரங்களை நிறையப் பார்த்துவிட்டேன். தைக்கத் தெரிந்தவள் இருக்கிறாள், தைக்கக் கொடுப்பவர் இல்லை. ஒரே லயத்தில் மூன்று பேருக்கு மெஷின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது?

ஆகவே மொனராகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் ஓர் அக்கா, "மிஸ், எனக்கு மெஷின் வேணாம். ரீல் வச்ச தூண்டில் ஒன்னு வாங்கிக் குடுங்க" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில்தான் சிலர் சிரித்தார்கள். தூண்டில் என்பது பொழுதுபோக்கு, அதுவும் ஆண்களின் பொழுதுபோக்கு என்பது அவர்களுடைய எண்ணம்.

அந்த அக்காவின் பெயரை அவருடைய விருப்பப்படி எழுதவில்லை. அவருடைய பெற்றோர் 1977 வன்செயலின்போது தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். எமது மலையகக் குடும்பங்கள் பல அந்நாட்களில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. பாதுகாப்புத் தேடிப் போன இடத்துக்கே பின்னர் போர் வந்தது. அக்கா கிளிநொச்சியில் பிறந்தவர். 2009இல் கணவனை இழந்தார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தபோது, தாயின் உறவினர்கள் இருந்த இந்தத் தோட்டத்தைத் தவிர அவருக்குப் போக இடமிருக்கவில்லை. வலது தோளில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. விடியற்காலையில் முந்நூறு மரத்துக்குப் பால் வெட்டும் வேலை அவருக்குச் சரிவரவில்லை. ஆனால் சின்ன வயதில் தகப்பனோடு இரணைமடுக் குளத்தில் தூண்டில் போட்டவர். தோட்டத்துக்குக் கீழே அரை மணி நேர நடையில் ஒரு குளம் இருக்கிறது.

உதவித்தொகை ஒரு தடவைதான் கிடைக்கும். பொருந்தாத கருவியை வாங்கினால் அதுவும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடக்கும். அதனால் வாங்குவதற்கு முன் இந்த விடயத்தை ஒழுங்காகப் படிப்பதென்று தீர்மானித்தேன். சமூகவியல் பட்டத்துக்காகப் படித்ததைவிடக் கவனமாகவே படித்தேன் என்று சொல்லலாம்.

படிப்பதற்கு ஒரு பெட்டியும் வசமாக வந்து சேர்ந்தது. கனடாவில் வாழும் தமிழர் ஒருவர், தான் பாவித்த மீன்பிடிச் சாமான்களை எவருக்காவது உதவட்டும் என்று அனுப்பியிருந்தார். ஏழடி நீளத் தடி, ஒரு ரீல், நிறம் நிறமாக முப்பதுக்கு மேற்பட்ட போலி இரைகள். எல்லாம் 'பாஸ்' என்ற மீனுக்கானவை. பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். பெரிய வாய் உடையது. நீர்ச்செடிக்கும் விழுந்த மரத்துக்கும் அருகில் பதுங்கியிருந்து, கிட்ட வரும் இரையைப் பாய்ந்து கவ்வும். எமது குளங்களில் அது கிடையாது. ஆனால் அதே குணமுள்ள மீன் எம்மிடமும் உண்டு, அதுதான் விரால். மட்டக்களப்பு வாவியில் வாழும் கொடுவாவும் அப்படித்தான். ஆகவே பாஸுக்குச் செய்த கருவி எமது குளத்துக்கும் உதவும், எது உதவும் என்று தெரிந்து எடுத்தால்.

(மலைநாட்டுக்கு ரீல் தூண்டில் புதியதல்ல. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் மீனை நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள், தாங்கள் தூண்டில் போட்டு மகிழ்வதற்காக. தூண்டில் போடுவது துரைக்கு உரியது என்ற நினைப்பு எமது மக்களிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை.)

முதலில் தடி. கைபிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதைவிட அதை வாசிப்பது நல்லது. அடி, அங்குலத்தில் தடியின் நீளம் இருக்கும். இறாத்தலில் இருப்பது எந்தப் பலமுள்ள நூல் போடலாம் என்பது. அவுன்சில் இருப்பது எவ்வளவு எடையுள்ள இரையை வீசலாம் என்பது. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். கால் அவுன்ஸ் முதல் எட்டில் ஐந்து அவுன்ஸ் வரை என்று போட்டிருந்தால் 7 முதல் 18 கிராம் வரை. குளத்துக் கரையில் நின்று விரால் பிடிக்க இந்த நடுத்தரத் தடி போதும். கனடாப் பெட்டியில் வந்தது இதைவிடப் பலமானது. பெரிய இரையை ஓங்கி வீசத்தான் அது லாயக்கு. அக்காவின் தோளால் ஓங்க முடியாது.

காபன் தடி இலேசானது. மீன் இரையை முகர்வதுகூடக் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் ஒரு அடி பட்டால் பின்னொரு நாள் அந்த இடத்தில் முறியும். மின்சாரமும் அதில் பாயும். மின்கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் தடியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கண்ணாடி நார்த் தடி கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும், விலையும் குறைவு. முதல் தடி எப்படியும் அடிபடும் என்பதால் நாங்கள் ஆறடி நீளக் கண்ணாடி நார்த் தடியையே எடுத்தோம். அது இரண்டு துண்டு என்பதால் பஸ்ஸில் கொண்டு போகலாம். குழாய்க்குள் குழாய் நுழையும் மடக்குத் தடிகள் கைக்கு அடக்கமாக இருந்தாலும் பொருத்துகளில் சீக்கிரம் பழுதாகின்றன.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை இரண்டு. வளையங்களுக்குள் ஒரு துண்டுப் பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, அது நூலை அறுக்கும். அடுத்து ரீலைப் பூட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துத் தடியைத் தாங்கிப் பாருங்கள். நுனி கீழே சாய்ந்தால் மூன்று மணி நேரம் பிடித்திருக்கும்போது மணிக்கட்டும் தோளும் நோகும். தராசில் காட்டும் எடையைவிட இதுதான் முக்கியம். அக்கா கடையில் ஐந்து தடிகளை இப்படிப் பார்த்தார். கடைக்காரர், "யாருக்கம்மா, மகனுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தாங்க" என்றார் அக்கா.

ரீலில் பிரதானமாக இரண்டு வகை. ஒன்று தடிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். வீசும்போது நூலுருளை சுற்றும், அதைப் பெருவிரலால் அளவாக அமத்திக்கொண்டே இருக்க வேண்டும். அமத்தத் தவறினால் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். கனடாப் பெட்டியில் வந்தது இது. பழகியவருக்கு அருமையான கருவிதான், ஆனால் சிறிய இரையை இதால் தூரம் எறிவது கஷ்டம். மற்றது தடிக்குக் கீழே தொங்கும் ரீல். இதில் உருளை சுற்றுவதில்லை, நூல் தானாகக் கழன்று ஓடும். புதிதாகத் தொடங்குபவருக்கும் கையில் குறைபாடு உள்ளவருக்கும் இதையே நான் சொல்வேன். இன்னொரு காரணம் உண்டு. மேலே உட்காரும் ரீலின் கைபிடி இடமென்றால் இடம், வலமென்றால் வலம், மாற்ற முடியாது. கீழே தொங்குவதில் மறுபக்கத்து மூடியைக் கழற்றி, கைபிடியை அந்தப் பக்கம் மாற்றிப் பூட்டலாம். கடையில் அநேகமாக இடப்பக்கம் பூட்டித்தான் விற்பார்கள். அக்கா இடது கையால் தடியைப் பிடித்து, இடுப்பளவு உயரத்தில் பக்கவாட்டாக வீசி, வலது முழங்கையை விலாவோடு அணைத்துக்கொண்டு சுற்றுகிறார். அந்த மாதிரிச் சுற்றினால் தோள் நோகவில்லை என்று சொன்னார். ஒரு கைபிடியை மாற்றிப் பூட்ட இரண்டு நிமிடம் போதும். வாசகிகளில் கையில் காயப்பட்டவர்கள் பலர் இருப்பீர்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ரீலின் அளவை 1000, 2500, 4000 என்று எண்ணால் குறிப்பார்கள். குளத்து வேலைக்கு 2500 போதும். நூல் உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக இருக்கும்வரை நிரப்ப வேண்டும். அதிகம் நிரப்பினால் கொத்துக் கொத்தாகக் கழலும், குறைந்தால் தூரம் போகாது. ரீலின் முன்பக்கத்தில் திருகி இறுக்கும் ஒரு பகுதி உண்டு. பெரிய மீன் இழுத்தால் நூல் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதற்கானது அது. நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை இறுக்கக்கூடாது. 10 இறாத்தல் நூலென்றால் நாலரைக் கிலோ, மூன்றில் ஒரு பங்கு ஒன்றரைக் கிலோ. அளவுபார்க்கத் தராசு தேவையில்லை. ஒன்றரை லீற்றர் போத்தலில் நிறையத் தண்ணீர் விட்டு நூலில் கட்டித் தூக்கிப் பாருங்கள். போத்தல் நிலத்தைவிட்டு எழும்பும் தறுவாயில் ரீல் வழுக்க வேண்டும்.

நூலில் சாதாரணத் தங்கூசி மலிவு, கொஞ்சம் இழுபடும். அதனால் மீன் திமிறும்போது மன்னிக்கும். பின்னல் நூல் மெல்லியது, பலமானது, இழுபடாது. தாமரைக் கொடிக்குள் விரால் புகுந்தால் வெளியே இழுக்க அதுதான் வேண்டும். விலை அதிகமென்பதால் உருளையின் அடிப்பாதிக்குத் தங்கூசியும் மேற்பாதிக்குப் பின்னல் நூலும் முடிந்து போட்டோம்.

இனிப் போலி இரைகள். இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, மீனின் கண்ணைவிட வாங்குபவரின் கண்ணுக்குத்தான் இவ்வளவு நிறம் பூசியிருக்கிறார்கள் என்பது. முப்பதில் மூன்றைத்தான் எடுத்தோம். ஒன்று இறப்பர்த் தவளை. உள்ளே வெறுமையானது, முட்கள் இரண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது. தாமரை இலைக்கு மேலே விழுத்தி, இலை விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் மெதுவாக நழுவவிட்டால் விரால் பாயும். இரண்டாவது சுழலும் தகடு உள்ள சிறிய இரை, ஏழு கிராம். திறந்த நீருக்கு அது. மூன்றாவது மண்புழு போன்ற மென்மையான இறப்பர். முள்ளின் கூரை அதன் உடலுக்குள் மறைத்துக் குத்தினால் அடியில் கிடக்கும் கொப்புகளுக்கு இடையிலும் இழுக்கலாம். நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தெளிந்த நீரில் மங்கலான நிறம், கலங்கிய நீரில் பளிச்சென்ற நிறம் அல்லது சத்தம் எழுப்பும் இரை, மாலை மங்கும்போது கறுப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்று போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ் மீனில் உலக சாதனை 22 இறாத்தல் 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகம். 1932 ஜூன் 2ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்ற ஏழை இளம் விவசாயி அதைப் பிடித்தார். உலகமே வேலையின்றித் தவித்த பஞ்ச காலம் அது. அவரும் நண்பரும் வைத்திருந்தது ஒரேயொரு போலி இரை என்று சொல்லப்படுகிறது. அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதே அளவு மீனைப் பிடித்துச் சமன் செய்யும்வரை எவரும் அதை எட்டவில்லை.

போலி இரை எல்லா மீனுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எமது குளங்களில் அதிகமாக இருப்பது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. அது பெரும்பாலும் பாசியும் செடியும் தின்கிற மீன். இறப்பர்த் தவளையைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு ரீலே வேண்டாம். மூங்கில் கம்பு, மெல்லிய தங்கூசி, சிறிய முள், மிதவைக்கு ஒரு தக்கை, இரைக்கு ரொட்டி சுடப் பிசைந்த கோதுமை மா. அக்காவின் வீட்டில் கறிக்குரிய மீன் மூங்கில் கம்பில்தான் வருகிறது, விற்பனைக்குரியதுதான் ரீலில். கறி மீனைக் குறைவாக மதிக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப்பகுதியில் அது 100க்கு ஏறக்குறைய 32.

முட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போலி இரைகளில் மூன்று முள் சேர்ந்த கொளுக்கி இருக்கும். வாங்கியவுடன் குறட்டால் அந்த முட்களின் எதிர்க்கூரை நசுக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பும், ஆனால் விரலில் ஏறினால் சுலபமாகக் கழலும். எதிர்க்கூருள்ள முள் ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் வைத்தியசாலைக்குப் போய் ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கிட்ட என்றால் தொடவே வேண்டாம். பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். லயத்து அறையில் அப்படி ஓர் உயரம் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அக்கா கூரை வளையில் தொங்கவிட்டிருக்கிறார்.

கருவி கிடைத்தபின் குளம் கிடைக்க வேண்டும். குளத்தில் கீழ்க் கிராமத்துச் சிங்கள மீனவர்களின் சங்கம் இருக்கிறது. அவர்கள்தான் குஞ்சு விடுகிறார்கள், வலை போடுகிறார்கள். கேட்காமல் போய் நிற்பது சட்டப்படியும் சரியல்ல, முறையும் அல்ல. நானும் அக்காவும் கிராம அலுவலரோடு போய்ச் சங்கத் தலைவரைச் சந்தித்தோம். "எந்த ஊர்?" என்று கேட்டார். கிளிநொச்சி என்று அக்கா சிங்களத்தில் பதில் சொன்னதும் கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவர், விராலுக்கு வலை சரிவராது, செடிக்குள் நிற்கும், தூண்டிலில் பிடிப்பதானால் பிடிக்கட்டும், திலாப்பியாவை வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுக்கட்டும் என்றார். கிழக்குப் பக்கத்து அணைக்கட்டில் முதலை இருப்பதாகவும், ஐந்து மணிக்குப் பிறகு யானை வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த மனிதரின் மகனும் போரில் இறந்தவர் என்று பின்னர் அறிந்தோம்.

தோட்டத்தில் பேச்சு எழாமல் இல்லை. புருஷன் இல்லாதவள் தனியாகக் குளக்கட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். அக்கா அதற்குப் பதில் தேடவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் இருவருக்கு மூங்கில் தூண்டில் கட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேர் போனபின் பேச்சு அடங்கிவிட்டது.

ஒரு நாள் நானும் போயிருந்தேன். தாமரைக்கு இடையில் தண்ணீர் செந்நிறமாகக் கொதிப்பதுபோல் தெரிந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். விராலில் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழேயே காவல் நிற்கும். அந்நேரம் தவளை இரையைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டால் பெரிய விரால் உறுதியாகக் கவ்வும் என்பது தூண்டில்காரர் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். பசியால் அல்ல, குஞ்சைத் தின்ன வந்தது என்று நினைத்துத்தான் கவ்வுகிறது. பெரியது போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் அள்ளித் தின்றுவிடும். அன்று காலையிலிருந்து எங்களுக்கு ஒன்றும் படவில்லை. மகனுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டிய கிழமை அது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நூலைச் சுற்றி எடுத்து, முள்ளைத் தடியின் வளையத்தில் மாட்டினார்.

"அங்கிட்டுப் போவோம் மிஸ்" என்றார்.

மறுகரையில் நாலு மணிக்கு ஒன்று பட்டது. இரண்டு கிலோ இருக்கும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். ஐஸ் பெட்டி வாங்க வசதியில்லாதவருக்கு இது பெரிய உதவி, உயிருள்ள மீனுக்கு விலையும் கூட. அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட வாளியில் ஈரச்சாக்கைப் போட்டு மூடி, மூடிக்கு மேல் ஒரு கல்லை வைத்து அக்கா அதை மொனராகலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். கல் வைக்காவிட்டால் பஸ்ஸுக்குள் பாய்ந்துவிடும்.